ஒன்பதாம் வாரத்து அட்டை

"பெரிய முள்ளு மூணுலதானே நிக்குது? அப்புறம் ஏன் டீச்சர் பதினஞ்சுன்னு பொய் சொல்றீங்க?"

இப்படிக் கேட்டவள் இரண்டாம் வகுப்பில் முதல் வரிசையில் உட்காரும், முன்பல் விழுந்த ஒரு சிறுமி. வீட்டில் வைத்த பெயர் வேறு. பள்ளியில் எல்லோருக்கும் அவள் வாயாடிதான். அவள் கேட்டதை வகுப்பு ஆசிரியை அன்று மாலையே தன் வாரக் குறிப்பேட்டில் ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதி வைத்தாள். அதன் கீழே, "என்னால் பதில் சொல்ல முடியவில்லை" என்றும் சேர்த்தாள். அதை இன்னொருவர் படிப்பதற்குப் பத்து வாரம் ஆயிற்று.

படித்தவள் பாடத்திட்ட அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு பெண். ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை எந்த வாரம் எந்தப் பாடம் நடத்த வேண்டும் என்று வகுத்துக் கொடுப்பது அந்த அலுவலகத்தின் பொறுப்பு. இரண்டாம் வகுப்புத் திட்டம் முழுக்க அவள் கையால் ஆனது. மூன்றாம் மாடியில் அவள் அறையின் ஒரு சுவர் முழுக்க அட்டைகள்தான். வருடத்தின் முப்பத்தாறு வாரங்களுக்கு முப்பத்தாறு கட்டம். கணக்குக்கு நீல அட்டை, மொழிக்கு மஞ்சள், சுற்றுப்புறப் பாடத்துக்குப் பச்சை. ஓர் அட்டையைக் கழற்றி இன்னொரு வாரத்தில் குத்துவதற்கு முன் அவள் நாள் கணக்காக யோசிப்பாள். அதனால் அவளுக்கு அட்டையம்மா என்று பெயர் விழுந்துவிட்டது. "ஒரு பாடத்தைப் பிடிச்சாங்கன்னா நிஜமாவே அட்டைதான், ரத்தம் பார்க்காம விடமாட்டாங்க" என்று தட்டச்சர் சொல்வார். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

ஒரு புதன்கிழமை காலை, பள்ளி ஆய்வாளர் அனுப்பிய கோப்பு அவள் மேசைக்கு வந்தது. முதல் வருட ஆசிரியர்களை நிரந்தரமாக்கும் பட்டியல் அது. வெள்ளிக்கிழமை மதியம் இயக்குநரின் கையெழுத்தோடு மேலே போய்விடும்; போனபின் யாராலும் ஒரு புள்ளிகூட மாற்ற முடியாது. அதில் இல்லாதவர்கள் வருடக் கடைசியில் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஒரே ஒரு பெயருக்கு எதிரே, "பரிந்துரைக்க இயலாது" என்று எழுதியிருந்தது. காரணமும் எழுதியிருந்தது: இடைத்தேர்வில் கடிகாரம் பார்க்கும் பகுதியில், முப்பத்துநான்கு குழந்தைகளில் முப்பத்தொருவர் தவறு. பாடத்திட்டம் வகுத்தவள் என்ற முறையில் இவள் ஒரு பத்தி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

இதுமாதிரிப் பத்திக்கு அவளுக்கு ஐந்து நிமிடம் போதும். பேனாவின் மூடியைக்கூடத் திறந்துவிட்டாள். கோப்போடு விடைத்தாள்களைச் சேர்த்துக் கட்டியிருந்த நூல் எப்படியோ அவிழ்ந்து கிடந்ததால்தான் அவற்றைப் பார்த்தாள். பத்தேகால் மணி காட்டும் கடிகாரப் படத்தின் கீழே ஒரு குழந்தை, "10 மணி 3 நிமிடம்" என்று எழுதியிருந்தது. அடுத்த தாளிலும் அதுவே. அதற்கு அடுத்ததிலும் அதுவே.

ஒன்பது வருடம் இரண்டாம் வகுப்பு எடுத்தவள் அவள். சரியாகச் சொல்லிக் கொடுக்காத வகுப்பில் முப்பத்தொரு பேர் முப்பத்தொரு விதமாகத் தப்புச் செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். இங்கே எல்லோரும் ஒரே தப்பைச் செய்திருந்தார்கள். முள் எந்த எண்ணில் நிற்கிறதோ அந்த எண்ணைப் படித்திருந்தார்கள். தங்களுக்குத் தெரிந்த வரையில் அவர்கள் சரியாகத்தான் படித்திருந்தார்கள்.

பேனாவை மூடிவிட்டு, கோப்போடு வந்திருந்த அந்த ஆசிரியையின் வாரக் குறிப்பேட்டை எடுத்தாள். அந்தத் தாளின் கட்டங்களை வரைந்து கொடுத்தவளும் அவள்தான்: நாள், பாடம், செய்த விதம், ஆசிரியர் குறிப்பு, கடைசியில் அலுவலகக் குறிப்பு. அந்தக் கடைசிக் கட்டம் எந்தப் பள்ளிக் குறிப்பேட்டிலும் நிரம்பியதில்லை. ஒன்பதாம் வாரத்தில் அந்தக் கேள்வி இருந்தது. பெரிய முள்ளு மூணுலதானே நிக்குது?

தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தாள். ஒன்பதாம் வாரத்தில் நீல அட்டை: கடிகாரம், மணியும் நிமிடமும். "ஐந்து ஐந்தாக எண்ணுதல்" என்ற நீல அட்டை எங்கே என்று விரலை ஓட்டினாள். பதினேழாம் வாரத்தில் இருந்தது.

அஞ்சு, பத்து, பதினஞ்சு என்று எண்ணத் தெரியாத குழந்தைக்கு மூன்று எப்படிப் பதினைந்தாகும்?

கடிகார அட்டை முதலில் இருபத்திரண்டாம் வாரத்தில்தான் இருந்தது. அச்சுக்குப் போவதற்கு முந்தின வாரம் அவள் கண்ணில் ஒரு பச்சை அட்டை பட்டது. "என் ஒரு நாள்" என்ற பாடம்: எத்தனை மணிக்கு எழுகிறேன், எத்தனை மணிக்குப் பள்ளிக்கு வருகிறேன். அது ஒன்பதாம் வாரம். அதற்கு நேர் மேலே கடிகாரம் இருந்தால் எவ்வளவு அழகு என்று தோன்றியது. கழற்றி மாட்டினாள். அந்தப் பக்கமாகப் போன இயக்குநர் நின்று பார்த்து, பூத்தொடுத்த மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று அவள் கால் தரையில் பாவாமல் வீடு போனாள். நீல வரிசையைப் பக்கவாட்டில் பார்த்திருக்க வேண்டியவள், அழகைத் தேடி மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டாள்.

அப்படியென்றால் மற்றப் பள்ளிக் குழந்தைகள் எப்படித் தேறினார்கள்? தெரிந்த மூன்று ஆசிரியைகளைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டாள். முதலாமவள், மூணுன்னா பதினஞ்சு, நாலுன்னா இருபது என்று பாட்டு மாதிரி மனப்பாடம் செய்ய வைத்ததாகச் சொன்னாள். இரண்டாமவள் மழுப்பினாள். மூன்றாமவள் மனம்விட்டுச் சிரித்தாள்.

"ஒன்பதாவது வாரத்துல மணி பார்க்கறதை எவ அக்கா எடுப்பா? டைரியில எடுத்தேன்னு எழுதிட்டு, கழித்தல் கணக்கு போட்டுக்கிட்டிருந்தோம். இடைத்தேர்வுக்கு முந்தின நாள் விடையை மட்டும் சொல்லிக் குடுத்தோம். அந்தத் திட்டத்தைப் போட்ட புண்ணியவதி யாருன்னுதான் தெரியல."

"நான்தான்" என்றாள் இவள்.

மறுமுனையில் அவள் அவசரமாக, "கோவிச்சுக்காதீங்க அக்கா, இங்க மணி அடிச்சிட்டாங்க" என்று போனை வைத்துவிட்டாள். அப்போது மணி எதுவும் அடித்திருக்காது என்று இவளுக்குத் தெரியும்.

ஆக, அனுபவசாலிகள் திட்டத்தை ஒதுக்கிவிட்டுக் குறிப்பேட்டில் அழகாகப் பொய் எழுதியிருந்தார்கள். அனுபவமில்லாத ஒருத்தி, சொன்னதைச் சொன்னபடி செய்து, நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தாள். வேலை போகப்போவது அவளுக்கு.

சாயங்காலம் வீட்டில் கணவர் முன்னறையில் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து சட்டைக்குப் பித்தான் துளை போட்டுக்கொண்டிருந்தார். தையல்தான் அவர் தொழில். அவள் காலணியைக்கூடக் கழற்றாமல் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை புதிதாக எழுதப் போகும் திட்டத்துக்கு அவளைத் தலைவியாகப் போடும் உத்தரவு இந்த மாதம் வரவேண்டும். இப்போது வாயைத் திறந்தால் அது என்னாகும் என்பதையும் சொன்னாள். அவர் இயந்திரத்தை நிறுத்தவில்லை. மெதுவாக மிதித்துக்கொண்டே கேட்டார்.

"துணியை வெட்டிட்டு அப்புறம் அளவெடுத்த மாதிரி இருக்கு" என்றார்.

"அப்படித்தான்."

"நான் எத்தனை தடவை வெட்டியிருக்கேன்! தைக்கறதுக்கு முன்னாடி போய்ச் சொல்லிட்டா துணியோட போகும். தைச்சுக் குடுத்துட்டு, உங்க தோள்பட்டைதான் கோணல்னு சொன்னோம்னு வை, அந்த மனுஷன் ஆயுசுக்கும் கண்ணாடி முன்னாடி தோளைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கிட்டிருப்பான்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அந்தப் பொண்ணு தோள்பட்டை கோணலா இல்லையான்னு முதல்ல போய்ப் பாரு."

அன்று விளக்கேற்றிக் கைகூப்பியபோது அவள் தனக்காக எதுவும் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. இறைவன் சிலரைக் கண்டிக்க நினைத்தால் இடியையும் மின்னலையும் அனுப்புவதில்லை. முன்பல் விழுந்த ஒரு குழந்தையை அனுப்பிவிடுகிறான்.

வியாழக்கிழமை காலை அந்தப் பள்ளிக்குப் போனாள். இரண்டாம் வகுப்பு தாழ்வாரத்தின் கடைசி அறை. சுவரில் ஒரு கடிகாரம் பத்தேகாலில் நின்றுபோயிருந்தது. பெஞ்சுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டுத் தரையில் சாக்கட்டியால் பெரிய வட்டம் போட்டிருந்தார்கள். வட்டத்தைச் சுற்றிப் பன்னிரண்டு குழந்தைகள், ஆளுக்கு ஓர் எண்ணை நெஞ்சில் மாட்டிக்கொண்டு. நடுவில் வாயாடி தன்னைவிட உயரமான ஒரு துடைப்பக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவளைக் கண்டதும் ஆசிரியையின் முகம் வெளிறிவிட்டது. இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயது இருக்கும். ஆனாலும் வகுப்பை நிறுத்தவில்லை. இவள் பின்னால் போய் ஒரு சின்ன பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள்.

கம்பு பன்னிரண்டிலிருந்து கிளம்பியது. ஒவ்வொரு குழந்தையையும் தொடும்போது மொத்த வகுப்பும் எம்பிக் குதித்தது. அஞ்சு! பத்து! பதினஞ்சு! ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. மூன்றாம் எண்ணிடம் ஆசிரியை கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இப்ப முள்ளு மூணுலதானே நிக்குது? நான் ஏன் பதினஞ்சுன்னு சொல்றேன்?"

வாயாடி கம்பைப் பார்த்தாள், வந்த வழியைப் பார்த்தாள்.

"அது நிக்கறது மூணாவது வீட்டு வாசல்ல டீச்சர். ஆனா நடந்து வந்தது பதினஞ்சு அடி. ஒரு வீட்டுக்கு அஞ்சு அடி." சட்டென்று அவள் முகம் மாறியது. "அப்ப நீங்க அன்னைக்குச் சொன்னது பொய் இல்லையா?"

"இல்லடா கண்ணு."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

வகுப்பு சிரித்தது, ஆசிரியையும் சிரித்தாள். பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. புதன்கிழமையிலிருந்து நெஞ்சில் கிடந்த கல் பாதி இறங்கிவிட்டது. குழந்தைகளுக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கேள்வி கேட்டவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. அதுவும் அவள் வாயாலேயே.

இடைவேளையில் தாழ்வாரத்தில் நின்று பேசினார்கள். ஆசிரியை கையில் ஒட்டியிருந்த சாக்கட்டித் தூளைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"இது இந்த வாரப் பாடம் இல்லை மேடம், எனக்குத் தெரியும். அஞ்சு அஞ்சா எண்ணக் கத்துக்கிட்டப்புறம்தான் இப்படிச் செய்யலாம்னு தோணுச்சு. தினம் பத்து நிமிஷம் மிச்சம் பிடிச்சு எடுக்கறேன். எழுதிக்கணும்னா எழுதிக்குங்க."

ஒன்பதாம் வாரத்தில் பாடம் ஏறவில்லை என்று தெரிந்ததும் தள்ளி வைத்திருக்கலாமே, மற்றவர்கள் அப்படித்தானே செய்தார்கள் என்று இவள் கேட்டாள்.

"திட்டம் போட்டவங்க யோசிக்காமலா போட்டிருப்பாங்க மேடம்? எனக்குத்தான் சொல்லிக் குடுக்க வரலைன்னு நினைச்சேன்." மறுபடியும் கையைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் அப்படித்தான் நினைக்கறேன்" என்றாள்.

கணவர் சொன்ன கண்ணாடியும் தோள்பட்டையும் அவளுக்கு நினைவு வந்தன. உண்மையை அங்கேயே சொல்லிவிட நாக்கு துடித்தது. ஆனால் கோப்பு இன்னும் முடியவில்லை. பாதிச் செய்தியைக் கொடுத்து ஒரு பெண்ணை இரவெல்லாம் தவிக்க விடுவது கருணையாகாது. "உங்களுக்கு நல்லாவே வருதும்மா" என்று மட்டும் சொன்னாள். ஆசிரியை அதை நம்பியதாகத் தெரியவில்லை.

திரும்பும்போது வாயாடி வழிமறித்தாள்.

"நீங்க மேலே இருந்து வந்தவங்களா?"

"மூணாவது மாடியிலேருந்து."

"எங்க கடிகாரம் எப்பப் பார்த்தாலும் பத்தேகால்லயே நிக்குது. ஓடற கடிகாரம் ஒண்ணு தருவீங்களா?"

"பார்க்கறேன்மா" என்றாள். அலுவலகத்தில் அந்தச் சொல்லுக்கு மாட்டேன் என்றுதான் பொருள். சொன்ன பிறகு அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அலுவலகத்துக்கு வந்து குறிப்பேட்டை முழுசாகப் புரட்டினாள். ஒன்பதாம் வாரம், ஆசிரியர் குறிப்பு: "வகுப்புக் கடிகாரம் ஓடவில்லை. புதுக் கடிகாரம் கிடைக்குமா?" பத்தாம் வாரம்: "பேட்டரி மாற்றிப் பார்த்தேன். இயந்திரமே பழுது. புதுக் கடிகாரம் கிடைத்தால் உதவியாக இருக்கும்." பதினோராம் வாரமும் கேட்டிருந்தாள். பன்னிரண்டாம் வாரத்தில் கேட்கவில்லை. மூன்று முறை தட்டியும் திறக்காத கதவை நான்காம் முறை யார் தட்டுவார்கள்? அந்தக் கதவைத் தாளில் வரைந்து கொடுத்தது தான்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு அந்தப் பத்தியை எழுதினாள். நான்கு வரிதான் வந்தது. "பிழை வகுப்பில் இல்லை, திட்டத்தில் இருக்கிறது. ஐந்து ஐந்தாக எண்ணும் பாடத்துக்கு எட்டு வாரம் முன்பாகக் கடிகாரப் பாடத்தை வைத்தது நான். இந்த ஆசிரியை திட்டத்தைச் சரியாகப் பின்பற்றியதால்தான் இந்தப் பிழை வெளியே தெரிந்தது. அவரை நிரந்தரமாக்கப் பரிந்துரைக்கிறேன்."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இயக்குநரின் அறையில் அதை அவர் கையில் கொடுத்துவிட்டு நின்றாள். உட்காரச் சொன்னதுகூட அவள் காதில் விழவில்லை. அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார், மறுபடியும் படித்தார். எழுந்து அவளோடு மூன்றாம் மாடிக்கு வந்து சுவரின் முன் நின்று, விரலால் நீல வரிசையைப் பக்கவாட்டில் ஒன்பதிலிருந்து பதினேழு வரை தடவினார்.

"நானும்தானே இதைப் பார்த்துப் பாராட்டிட்டுப் போனேன்" என்றார்.

"நீங்க போற போக்குல பார்த்தீங்க சார். நான் உட்கார்ந்து பார்த்தேன்."

"யானைக்கும் அடி சறுக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். ஆனா யானையே வந்து, சறுக்கினது நான்தான்னு எழுதிக் குடுத்து இன்னைக்குத்தான் பார்க்கறேன்."

அவர் சிரிக்கிறாரா என்று தெரிய அவளுக்கு ஒரு நிமிடம் பிடித்தது. சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பல பள்ளிகளில் மேல் வகுப்புக் குழந்தைகள்கூடக் கடிகாரம் பார்க்கத் தடுமாறுவதாகக் கடிதம் வந்தபடி இருக்கிறதாம். மொத்தக் கணக்குத் திட்டத்தையும் கிழித்துப்போட வேண்டியிருக்குமோ என்று பயந்துகொண்டிருந்தாராம். ஓர் அட்டைதான் என்றால் பிழைத்தோம் என்றார். அங்கேயே, அட்டைச் சுவரின் மேல் தாளை வைத்து, ஆய்வாளரின் வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரு திருத்தத் தாள் போகவேண்டும், யார் பெயரில் போகட்டும் என்று கேட்டார். என் பெயரில்தான் என்றாள்.

வாசல்வரை போனவர் திரும்பி, "புதுத் திட்டத்துக்குத் தலைமை விஷயத்தை அடுத்த மாசம் பேசிக்கலாம்" என்றார்.

அது வலிக்கும் என்று எதிர்பார்த்து அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வலிக்கவில்லை. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாதவளுக்கு அப்போதுதான் பசித்தது. பட்டியல் மதியம் போய்விட்டதா என்று தட்டச்சரிடம் இரண்டு தடவை கேட்டாள். மூன்றாம் தடவை கேட்பதற்குள் அவர், "போயிடுச்சும்மா, போயிடுச்சு. நானே உறையை ஒட்டினேன், நாக்குல இன்னும் பசை இருக்கு, காட்டட்டுமா?" என்றார்.

பிற்பகல் நாற்காலியில் ஏறிக் கடிகார அட்டையைக் கழற்றி இருபத்திரண்டாம் வாரத்தில் குத்தினாள். ஒன்பதாம் வாரத்தில் ஒரு துளை மட்டும் மிச்சம் இருந்தது. அதை மறைக்க அவள் எதையும் ஒட்டவில்லை.

அந்தக் கோப்பில் யார் என்ன எழுதினார்கள் என்பது ஆசிரியைக்குத் தெரியப்போவதில்லை. நிரந்தர உத்தரவில் பெயரும் தேதியும்தான் இருக்கும். அது அப்படியே இருக்கட்டும் என்று இவள் நினைத்தாள். ஆனால் மூன்று முறை கேட்ட ஒரு பெண்ணுக்கும், ஒரு முறை கேட்ட ஒரு குழந்தைக்கும் தான் பட்டிருக்கும் கடன் அந்தக் கையெழுத்தோடு தீர்ந்துவிடவில்லை என்பதும் தெரிந்திருந்தது.

திங்கட்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் பள்ளி வாசலில் நின்றாள். குறிப்பேட்டைத் திருப்பிக் கொடுக்க வந்திருப்பதாகச் சொன்னாள். காவலாளி கேட்டைத் திறந்துவிட்டு, தண்ணீர் மோட்டாரைப் போடப் பின்பக்கம் போய்விட்டார். கடைசி அறையில் ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு, காலணியைக் கழற்றிவிட்டு ஏறினாள். பழைய கடிகாரத்தைக் கழற்றி ஆசிரியையின் மேசையில் வைத்தாள். குழந்தைகள் முள்ளைத் திருப்பித் திருப்பிப் பழக அது உதவும். பையிலிருந்த புதுக் கடிகாரத்துக்குப் பேட்டரி போட்டு, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் வைத்து, அதே ஆணியில் மாட்டினாள்.

குறிப்பேட்டை இழுப்பறையில் வைக்கும் முன் ஒருமுறை திறந்து பார்த்தாள். முதல் வாரம் முதல் பத்தொன்பதாம் வாரம் வரை அலுவலகக் குறிப்புக் கட்டத்தில், "படித்தேன்" என்று ஞாயிற்றுக்கிழமையே எழுதி முடித்திருந்தாள். கையெழுத்துப் போடவில்லை. மற்ற முந்நூறு பள்ளிகளின் குறிப்பேடுகள் கட்டுக்கட்டாக அலுவலகத்தில் காத்திருந்தன. வாரத்துக்குப் பத்து என்று வைத்துக்கொண்டாலும் அடுத்த பள்ளி ஆண்டுக்குள் முடித்துவிடலாம்.

பெஞ்சில் பதிந்திருந்த தன் காலடித் தடத்தைக் கைக்குட்டையால் துடைத்து, அதை இருந்த இடத்திலேயே தள்ளி வைத்தாள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். ஏழேகால். பெரிய முள் மூன்றில் இருந்தது. அவள் காலணியை மாட்டிக்கொண்டு நிமிர்வதற்குள் அது மூன்றைத் தாண்டிவிட்டது.